ஒட்டுண்ணியும் ஊட்டக்குறைவும்: கருங்காய்ச்சலில் கல்லீரலும் சிறுநீரகங்களும் படும் இன்னல்

உடலைத் தூய்மையாகக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் இரண்டு உறுப்புகளைச் சார்ந்தது. அவற்றுள் ஒன்று கல்லீரல். வளர்ந்த மனிதனிடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு, உண்ட உணவின் சாரத்தைப் பெற்று உடலுக்கு வேண்டிய பொருள்களாக மாற்றுகிறது. நஞ்சுகளை முறித்து அடக்குகிறது. மற்றொன்று சிறுநீரகங்கள். இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடித்தெடுத்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே மீட்டுத் தருகின்றன. இவ்விரண்டும் பொறுமை மிக்க உறுப்புகள். தம் திறனில் பெரும்பகுதியை இழக்கும்வரை வெளிப்படையாக யாதொரு முறையீடும் செய்வதில்லை. எனவேதான் இவற்றிற்கு நேரும் கேடு காலங்கடந்து தெரிய வருகிறது.

இவ்வுறுப்புகளுக்குப் பகையாக அமைவன பல. அவற்றுள் ஒட்டுண்ணி நோயும் தகாத உணவும் ஒருங்கு சேரும்போது விளையும் தீங்கு, இவை தனித்தனியே விளைக்கும் தீங்குகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரிது. ஒன்று மற்றொன்றுக்கு வழி திறந்துவிடுவதே இதற்குக் காரணம். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நோய் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. பீகாரின் வட பகுதியிலும், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களிலும் ஏழை மக்களை நெடுங்காலம் வாட்டிய கருங்காய்ச்சலே அது. வடநாட்டார் இதனைக் ‘காலா அசார்’ என்பர். நோயாளியின் தோல் கறுத்துப்போவதால் இப்பெயர் வந்தது.

நோயின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்காய்ச்சல் அஸ்ஸாமின் சிற்றூர்களைப் பாழாக்கியது. அந்நாளில் இது மலேரியாவின் கொடிய வடிவம் என்றே பலரும் எண்ணினர். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று 1900-இல் இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் என்ற மருத்துவர் நுண்ணிய உருக்கள் சிலவற்றைக் கண்டார். அதனை அவர் 1903-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், அதே உருக்களைத் தம் நோயாளிகளிடத்தில் கண்டறிந்தார். இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவானி’ என இவ்வொட்டுண்ணிக்குப் பெயர் சூட்டியவர் ரொனால்டு ராஸ்.

சிகிச்சை பெறாதோரில் பெரும்பாலோரின் உயிரைக் குடித்த இந்நோய்க்கு, 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்து பெருந்துணையாயிற்று. விடுதலைக்குப் பின்னர் மலேரியாவை ஒழிக்க வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டபோது கருங்காய்ச்சலும் அடங்கியது. தெளிப்பு நின்றபின் 1970-களில் வட பீகாரில் மீண்டும் தலைதூக்கியது. 1992-ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 77,102 பேர் நோயுற்றதாகவும் 1,419 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு கூறுகிறது.

ஒட்டுண்ணி உடலுள் புகும் விதம்

இந்நோயைப் பரப்புவது மணல் ஈ. கொசுவைவிட மிகச் சிறியது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையது. ஓசையின்றி இரவில் கடிப்பது. நெடுந்தூரம் பறக்க இயலாது. சிறு சிறு தாவல்களாகத் தத்திச் செல்லும். ஈரம் கசியும் மண்சுவரின் வெடிப்புகளும் இருண்ட மாட்டுக்கொட்டில்களும் இதன் உறைவிடங்கள். சாணமும் மக்கிய இலைகளும் கலந்த ஈரமண்ணில் இதன் புழுக்கள் வளர்கின்றன. இந்தியாவில் இவ்வொட்டுண்ணிக்கு மனிதனே சேமக்கலம். நோயாளியைக் கடித்த மணல் ஈ பின்னர் வேறொருவரைக் கடிக்கும்போது நோய் பரவுகிறது.

தோலுள் செலுத்தப்பட்ட ஒட்டுண்ணியை, நுண்ணுயிர்களை விழுங்கி அழிக்கும் பெருவிழுங்கணுக்கள் விழுங்குகின்றன. ஆயினும் இவ்வொட்டுண்ணி அங்கே அழிவதில்லை. தன்னை விழுங்கிய அணுவின் உள்ளேயே பெருகுகிறது. காவலன் வீட்டிலேயே கள்வன் குடியேறியது போன்ற நிலை இது. அவ்வணுக்கள் மிகுதியாக உள்ள இடங்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவை. ஒட்டுண்ணி சென்று தங்குவதும் அங்கேதான்.

உணவுக்குறை கதவைத் திறக்கிறது

ஒட்டுண்ணி உடலுள் புகுந்த அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. பெரும்பாலோரின் உடல் அதனை அடக்கிவிடுகிறது. அவர்கள் தமக்குத் தொற்று நேர்ந்ததையே அறியார். சிலரிடத்தில் மட்டும் அது முழு நோயாக வெளிப்படுகிறது. இந்த வேறுபாட்டிற்குரிய காரணங்களுள் உணவு முதன்மையானவற்றுள் ஒன்று. 1980-களில் பிரேசில் நாட்டுக் குழந்தைகளிடையே நடந்த ஆராய்ச்சியில், ஊட்டம் குன்றிய குழந்தைகளிடத்தில் தொற்று கடும் நோயாக முற்றும் வாய்ப்பு மிகுதி எனத் தெரிய வந்தது.

இதன் காரணத்தைச் சுண்டெலிகளில் செய்த பரிசோதனைகள் ஓரளவு விளக்குகின்றன. புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவை குறைந்த உணவை உண்ட எலிகளுக்கும் நல்லுணவு உண்ட எலிகளுக்கும் ஒட்டுண்ணியைத் தோலில் செலுத்தி ஒப்பிட்டுப் பார்த்தனர். நல்லுணவு உண்ட எலிகளில், தோலை அடுத்துள்ள நிணநீர்க் கணுக்கள் ஒட்டுண்ணியைத் தடுத்து நிறுத்தின. ஊட்டம் குன்றிய எலிகளிலோ இக்கணுக்கள் அத்தடையைக் காக்க இயலாமற் போயின. ஒட்டுண்ணிகள் விரைந்து கல்லீரலையும் மண்ணீரலையும் சென்றடைந்தன. அதாவது, புரதக்குறைவு முதலில் கெடுப்பது கல்லீரலை அன்று. கல்லீரலுக்குச் செல்லும் வழியில் நிற்கும் காவலை.

நோய் மிகுந்த பகுதிகளின் ஏழைக் குடும்பங்களில் சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்குமே நாள்தோறும் உணவு; பருப்பு சிறிதளவே. பால், முட்டை, மீன் ஆகியவை அரிதாகவே கிட்டும். முசாகர் முதலான நிலமற்ற மக்களிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டதற்கு மண்வீடு ஒரு காரணம் எனில், உணவு மற்றொரு காரணம். அண்மைக் காலத்தில் சிற்றூர்க் கடைகளிலும் வந்து சேர்ந்துள்ள பொட்டலத் தின்பண்டங்களும் சர்க்கரைப் பானங்களும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. வயிற்றை நிரப்பிப் பசியை மறக்கச் செய்யுமே அன்றி, புரதத்தையோ துத்தநாகத்தையோ அவை போதிய அளவு தருவதில்லை.

கல்லீரலில் நிகழ்வது

ஒட்டுண்ணி குடியேறிய கல்லீரலும் மண்ணீரலும் வீங்குகின்றன. மண்ணீரல் சில நோயாளிகளிடத்தில் தொப்புளையும் தாண்டி இறங்கிவிடும். கைகால்கள் குச்சிபோல் மெலிந்து, வயிறு மட்டும் பருத்துத் தோன்றும் உருவம் இந்நோய்க்குரிய அடையாளம்.

கல்லீரல் செய்யும் பணிகளுள் ஒன்று, ஆல்புமின் என்னும் புரதத்தை ஆக்குவது. குருதிக் குழாய்களினின்று நீர் வெளியே கசியாதபடி காப்பது இப்புரதமே. நலமுள்ள கல்லீரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஆல்புமின் ஆக்கவல்லது. இதற்கு வேண்டிய மூலப்பொருள் உணவுப் புரதத்தினின்றே கிடைத்தல் வேண்டும். உணவில் புரதம் குறைந்தால் மூலப்பொருள் இல்லை; ஒட்டுண்ணியால் எழும் நீடித்த அழற்சியினால், உள்ள பொருளைக் கொண்டும் ஆல்புமின் ஆக்கும் பணி தளர்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தபோது குருதியில் ஆல்புமின் அளவு வெகுவாக வீழ்கிறது. பாதங்களில் நீர் கோத்துக்கொள்கிறது. சிலரிடத்தில் வயிற்றிலும் நீர் சேர்கிறது.

குருதி உறைவதற்கு வேண்டிய பொருள்களை ஆக்குவதும் கல்லீரலே. அப்பணி குன்றும்போதே, வீங்கிய மண்ணீரலும் நோயுற்ற எலும்பு மச்சையும் குருதித் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே மூக்கிலும் ஈறுகளிலும் குருதி கசிதல் இந்நோயில் காணப்படுகிறது. மஞ்சட்காமாலையும் தோன்றினால் நிலை கடுமையானது எனக் கொள்ள வேண்டும்.

மேலும், கடும் புரதக்குறைவு தானாகவே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். கல்லீரலில் சேரும் கொழுப்பு வெளியேறுவதற்குப் புரதத்தின் துணை வேண்டும். புரதமில்லையெனில் கொழுப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. மதுப்பழக்கம் உடையவர்களிடத்தில் இச்சுமை இன்னும் கூடுகிறது. இத்தகைய கல்லீரலின்மீதே ஒட்டுண்ணியும் வந்து குடியேறுகிறது என்பதை மறத்தலாகாது.

சிறுநீரகங்களில் நிகழ்வது

கருங்காய்ச்சலை எதிர்க்க உடல் பெருமளவில் எதிர்ப்புப் புரதங்களை ஆக்குகிறது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஒட்டுண்ணியை அழிக்க உதவுவதில்லை. ஒட்டுண்ணியின் பொருள்களோடு இப்புரதங்கள் பிணைந்து உண்டாகும் கூட்டுப்பொருள்கள் குருதியில் சுற்றி வந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிகின்றன. வடிகட்டிகளைச் சூழ்ந்த பகுதியிலும் அழற்சி தோன்றுகிறது. இதனால் சிறுநீரில் சிறிது புரதமும், கண்ணுக்குத் தெரியாத அளவில் சிவப்பணுக்களும் வெளிப்படலாம். பெரும்பாலோரிடத்தில் இக்கேடு சிறிதே. நோய் குணமானதும் மறைந்துவிடும்.

ஆயினும் ஊட்டம் குன்றியவரின் சிறுநீரகம் முன்னரே வலுவிழந்தது. கடும் ஊட்டக்குறைவில் வடிகட்டும் அளவு குறைகிறது. சிறுநீரைச் செறிவாக்கும் திறனும், மிகுதியான உப்பையும் நீரையும் வெளியேற்றும் திறனும் குன்றுகின்றன. வயிற்றுப்போக்கினால் நீரிழப்பு நேர்ந்தாலும் தாங்காது. அளவுக்கு மிஞ்சி நீர் செலுத்தினாலும் தாங்காது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே உள்ள வழி மிகக் குறுகியது.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. சிறுநீரகத்தின் நலத்தை அறியக் குருதியிலுள்ள கிரியேட்டினின் அளவைப் பார்ப்பது வழக்கம். இப்பொருள் தசைகளினின்று தோன்றுவது. தசை கரைந்து மெலிந்தவரிடத்தில் அது குறைவாகவே உண்டாகும். எனவே சிறுநீரகம் கெட்டிருக்கும்போதும் கிரியேட்டினின் அளவு இயல்பாகத் தோன்றக்கூடும். மெலிந்த நோயாளியின் பரிசோதனைத் தாளைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மருந்தும் ஒரு சுமையே

இந்நோய்க்குரிய மருந்துகள் உயிர் காப்பவை. எனினும் அவற்றுள் பல இதே இரண்டு உறுப்புகளையே சோதிப்பவை. ஆண்டிமனி மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் தாக்கக்கூடியவை. பீகாரில் ஒட்டுண்ணி அவற்றிற்குப் பணியாமற் போனபின், ஆம்போடெரிசின்-பி என்ற மருந்து கையாளப்பட்டது. பழைய வடிவில் இம்மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 15 முறை நரம்பு வழியே செலுத்த வேண்டியிருந்தது. அது சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதிக் குழாய்களைச் சுருக்கி, நுண்குழல்களையும் கெடுத்து, பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளைச் சிறுநீரில் வீணாக்குவது. உப்பு நீரைப் போதிய அளவு செலுத்தி இக்கேட்டைக் குறைக்கலாம். ஆனால் மேலே கூறியவாறு, கடும் ஊட்டக்குறைவு உடையவருக்கு அவ்வுப்பு நீரே சுமையாகிவிடும். உணவுக்குறை சிகிச்சையையும் இடருக்கு உள்ளாக்குவதை இங்கே காணலாம்.

1990-களிலும் அதன் பின்னரும் நடந்த ஆராய்ச்சிகள் இந்நிலையை மாற்றின. நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுள் ஆம்போடெரிசினைப் பொதிந்து செலுத்தினால், மருந்து பெருவிழுங்கணுக்களை நேரே சென்றடைகிறது. சிறுநீரகத்திற்குக் கேடு பெரிதும் குறைகிறது. முசாஃபர்பூரில் ஷியாம் சுந்தர் தலைமையிலான குழுவினர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒருமுறை செலுத்தியதில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் குணமடைந்தனர். பழைய முறையில் 15 முறை செலுத்திப் பெற்ற பலனுக்கு இது ஏறக்குறைய இணையானது. பின்னர் நாட்டின் திட்டத்திலும் இம்முறையே முதன்மை பெற்றது.

வாய்வழி உட்கொள்ளும் மில்டிஃபோசின் இந்தியாவில் 2002-இல் ஒப்புதல் பெற்றது. இதனை 28 நாள் உணவுடன் உட்கொள்ள வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இதனால் நேரலாம். அதனால் நீரிழப்பும், சிறுநீரகத்திற்கு இடரும் ஏற்படலாம். கருவுற்றவர்களுக்கு இது முற்றிலும் ஆகாது.

இவற்றிற்கு முன்பே நேரும் கேடு ஒன்று உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாள் முதல் பல குடும்பங்கள் பயிற்சியில்லா மருத்துவரிடம் வலிநீக்கி ஊசிகளையும் மாத்திரைகளையும் வாரக்கணக்கில் பெறுகின்றன. நீர் வற்றிய உடலில் இவ்வலிநீக்கிகள் சிறுநீரகத்தை நேராகவே தாக்கக்கூடியவை. உள்ளூர்க் கலவை மருந்துகளுள் சில கல்லீரலுக்கு ஆகாதவை. பணமும் போய், சரியான மருந்தைத் தாங்கும் வலுவும் போனபின்னரே நோயாளி மருத்துவமனையை அடைகிறார்.

நோயாளிக்குத் தகுந்த உணவு

காய்ச்சல் உடையவருக்கு உணவைக் குறைத்தல் பல இடங்களில் வழக்கம். மாதக்கணக்கில் நீடிக்கும் இக்காய்ச்சலில் அவ்வழக்கம் பெருந்தீங்கு விளைக்கும். பசி குன்றிய நோயாளிக்குச் சிறு சிறு அளவாக நாளில் ஐந்தாறு முறை உணவு தரல் வேண்டும். பீகாரில் ‘சத்து’ என வழங்கும் வறுத்த கடலை மாவு எளிதிற் கிடைப்பது, விலை மிகாதது, புரதம் நிறைந்தது. பருப்புடன் சோறு, கிடைக்குமிடத்தில் முட்டை, சிறு மீன், பால் அல்லது தயிர், கீரைகள், பப்பாளி முதலியவை நல்லன. தூய நீர் போதிய அளவு பருகுதல் சிறுநீரகத்திற்கு இன்றியமையாதது. மதுவை முற்றிலும் விலக்க வேண்டும்.

ஆயினும் கடும் ஊட்டக்குறைவு உடைய குழந்தைக்கு, அதிலும் பாதங்களில் நீர் கோத்திருக்குமாயின், இவ்விதி பொருந்தாது. திடீரெனப் புரதம் மிகுந்த உணவைத் திணித்தால், அதனைக் கையாளும் வலு அக்குழந்தையின் கல்லீரலுக்கும் சிறுநீரகங்களுக்கும் இராது. குருதியிலுள்ள உப்புகளின் நிலையும் தடுமாறி உயிருக்கே இடர் நேரலாம். எனவே முதலில் புரதமும் உப்பும் குறைந்த பால் கஞ்சியைச் சிறு அளவில் அடிக்கடி தந்து, உடல் நிலைபெற்ற பின்னரே படிப்படியாக உணவை வலுவாக்குவது முறை. இரும்புச்சத்து மருந்தையும் தொற்று அடங்கிக் குழந்தை எடை கூடத் தொடங்கிய பின்னரே தருதல் வேண்டும். இத்தகைய குழந்தையை வீட்டில் வைத்துப் பேணாமல், ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்திற்கு அனுப்புதலே ஏற்றது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

1. நோய்ப்பகுதியில் வாழ்பவருக்கோ அங்கிருந்து வந்தவருக்கோ இரண்டு வாரங்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்து, மண்ணீரலும் வீங்கியிருந்தால் கருங்காய்ச்சலை ஐயுற வேண்டும். ஆர்.கே.39 என்னும் பட்டைப் பரிசோதனை ஒரு துளிக் குருதியில் சில நிமிடங்களில் முடிவு தரும். முன்னர் இந்நோய் வந்து குணமானவரிடத்தில் இப்பரிசோதனை நெடுநாள் நோயிருப்பதாகவே காட்டக்கூடும்; ஆகவே முன்வரலாற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

2. சிகிச்சைக்கு அனுப்பும்போது எடை, பாத வீக்கம், சிறுநீரின் அளவு, இதுவரை உட்கொண்ட மருந்துகள், மதுப்பழக்கம் ஆகியவற்றைக் குறித்தனுப்புதல் மருத்துவருக்குப் பேருதவியாகும். சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், குருதி கசிதல், முகமும் பாதமும் வீங்குதல் ஆகியவை காலந்தாழ்த்தாமல் அனுப்ப வேண்டிய அறிகுறிகள்.

3. குணமானவரின் தோலில் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து வெளிறிய புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றலாம். அவருக்கு வலியோ காய்ச்சலோ இராது. ஆயினும் அத்தோலில் ஒட்டுண்ணி உள்ளது. மணல் ஈ அதனைப் பிறருக்குப் பரப்பும். தொழுநோய் என அஞ்சி மறைப்பவர்களும் உண்டு. அவர்களைப் பரிவுடன் அணுகிச் சிகிச்சைக்கு இசைவிக்க வேண்டும்.

4. வீட்டின் உட்சுவர்களிலும் மாட்டுக்கொட்டிலிலும் பூச்சிமருந்து தெளிக்கும் நாளில், ஓர் அறையும் விடுபடாதவாறு குடும்பத்தாரை இணங்கச் செய்தல் வேண்டும். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்தலும், சாணத்தை வீட்டிற்குத் தொலைவில் குவித்தலும், கொசுவலைக்குள் உறங்குதலும் பயன் தருவன.

5. ஆசிரியர், இரு வாரங்களுக்கு மேல் காய்ச்சலால் வராத மாணவரின் வீட்டை விசாரித்தறிதல் நலம். பள்ளியில் வழங்கப்படும் நண்பகல் உணவில் பருப்பும் கீரையும் குறையாதபடி காப்பதும் நோய்த்தடுப்பே. மணல் ஈயின் வாழ்க்கை, கல்லீரலின் பணி, புரதத்தின் தேவை ஆகிய மூன்றையும் ஒரே பாடமாக இணைத்துக் கற்பித்தால், மாணவர் வழியே அச்செய்தி வீடுகளைச் சென்றடையும்.

எஞ்சி நிற்கும் கடமை

இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளும் 2005-இல் இந்நோயை அகற்ற உடன்பாடு செய்துகொண்டன. பத்தாயிரம் மக்களில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாக நோயுறும் நிலையை எய்துவதே குறிக்கோள். இந்தியாவில் அதனை வட்டாரந்தோறும் கணக்கிடுகின்றனர். வங்காளதேசம் 2023-இல் அந்நிலையை எய்தியதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலும் அவ்வாண்டு நோயுற்றோர் தொகை ஆயிரத்துக்கும் கீழே இருந்தது. 1992-இன் தொகையோடு ஒப்பிட்டால் இது பெருவெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நோய் அரிதாகும்போது அதனை நினைப்பவர்களும் அரிதாகின்றனர். எஞ்சிய நோயாளிகள் பெரும்பாலும் சாலை எட்டாத குடியிருப்புகளிலும், உணவு குன்றிய வீடுகளிலும் இருப்பவர்களே. 1970-களில் நேர்ந்ததுபோல், கவனம் தளர்ந்த காலத்தில் இந்நோய் திரும்பி வரவல்லது. மருந்து ஒட்டுண்ணியை அழிக்கும்; வெறும் சோற்றையும் உப்பையும் உண்டு வாழும் உடலுக்கு அது காவலாகாது. குணமான குழந்தை மீண்டும் அதே ஈரச்சுவரின் அருகில், அதே வெறுங்கலத்தின் முன் அமருமாயின், சிகிச்சை பாதியே முடிந்தது எனக் கொள்ளல் வேண்டும். பூச்சிமருந்துத் தெளிப்பான் செல்லும் வீடுகளுக்கெல்லாம் பருப்பும் முட்டையும் சென்று சேர்வதும் நோயொழிப்பின் ஒரு பகுதியே ஆகும்.